வண்டல் குட்டையில் மாப்பிள்ளை

"அசையாதீங்க மாப்ள! அப்படியே நில்லுங்க!" என்று கரையிலிருந்து கத்தினார் பொக்லைன் ஓட்டுபவர்.

அசைய முடிந்தால் அல்லவா அசையாமல் நிற்பதற்கு? வண்டல் குட்டைக்குள் மாப்பிள்ளையின் இடது கால் முழங்கால் வரையும் வலது கால் தொடை வரையும் போயிருந்தன. நின்றுகொண்டிருந்தான் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். யாரோ நட்டுவிட்டுப் போன கம்பம் போல, அதுவும் நடத் தெரியாத ஆள் நட்ட கம்பம் போல, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தான்.

பக்கத்திலேயே ஒரு எச்சரிக்கை போர்டு. 'மேலே காய்ந்திருக்கும், உள்ளே சேறு, கால் வைக்காதீர்கள்' என்று அவனே பெயின்ட் அடித்து எழுதி நட்டது.

"படிச்சுப் பாக்கலயா?" என்று கேட்டார் பொக்லைன்காரர்.

"எழுதுனதே நான்தான் அண்ணே."

"அதான் விஷயம். எழுதுன ஆளுங்க எவனும் படிக்கறதில்ல."

அந்தச் சரளைக் குழியில் இவருக்கு 'அவசரம்' என்று பெயர். பிறந்ததிலிருந்து எதற்குமே அவசரப்படாத மனிதர் என்பதால் வைத்த பெயர். பொக்லைனின் கதவைத் திறந்து, ஒரு காலைக் கீழே வைத்து, அடுத்த காலை வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து இறங்குவதற்குள் ஒரு லாரியில் பாதி சரளை ஏற்றிவிடலாம்.

மாப்பிள்ளைக்கும் அங்கே வேறு பெயர் கிடையாது. குழியின் முதலாளி மாமனார்; அவர் மாப்பிள்ளை என்று கூப்பிடுவது நியாயம். ஆனால் லாரி ஓட்டுகிறவர்களுக்கும் அவன் மாப்பிள்ளை, சரளை வாங்க முதல் தடவையாக வருகிற கொத்தனாருக்கும் மாப்பிள்ளை. மாமனார் வீட்டு மாடியில் குடித்தனம், மாமனார் குழியில் மேற்பார்வை, போக வர மாமனார் காரின் பின் சீட்டு. சொந்தமாக அவனுக்கென்று இருந்தது அந்த போர்டு ஒன்றுதான். அதையும் மதிக்காமல் இறங்கிவிட்டான்.

"சரி, ஏன் இறங்குனீங்க? மதகுலேருந்து கரை வழியா சுத்தி வந்திருக்கலாமே?"

"கரை ஆபீஸ் ஜன்னல் வழியா போகுதில்ல. மாமா உக்காந்திருக்கார்."

"அடேயப்பா! அவர் கண்ணுல படாம மதகுக்குப் போய் என்ன பண்ணீங்க?"

மாப்பிள்ளை கையை விரித்துக் காட்டினான். உள்ளங்கையில் ஒரு புதுச் சாவி.

அவசரத்துக்குப் புரிந்துவிட்டது. மதகின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே பலகைகளின் மேல் சங்கிலி சுற்றி, வழவழவென்று ஒரு பெரிய பூட்டு தொங்கியது.

தோண்டி எடுக்கிற சரளையைக் கழுவித்தான் விற்க வேண்டும். கழுவிய தண்ணீர் சேறாகக் குட்டைக்கு வரும். குட்டையில் தேங்கி நின்று, மண்ணெல்லாம் அடியில் படிந்து, மேலே தெளிகிற தண்ணீர் மட்டும் மதகுப் பலகைகளைத் தாண்டி ஓடையில் விழ வேண்டும். பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி வைத்தவை. வண்டல் உயர உயர மேலே ஒரு பலகை சேர்ப்பார்கள். அடிப்பலகையை உருவினால் போதும், இத்தனை நாள் படிந்த வண்டல் முழுவதும் கூழ் மாதிரி ஓடையில் இறங்கிவிடும். குட்டை காலியாகிவிடும். ஓடை செத்துவிடும்.

காலையில் மாமனார் அதைத்தான் சொன்னார். "மழை வருதாம் மாப்ள. பிடிச்சதும் பலகையைத் தூக்கிடுங்க. குட்டை வாய் வரைக்கும் நெறைஞ்சு கெடக்கு. ஓடை எப்படியும் கலங்கித்தான ஓடும்? எது நம்ம சேறு, எது வானத்துச் சேறுன்னு யார் பிரிச்சுப் பாக்கப் போறா?"

"கழுவறதை நிறுத்திட்டு வண்டலைத் தோண்டி எடுத்துடலாம் மாமா."

"நிறுத்தறதா? இப்பதான் குழியில நல்ல கல்லு கண்ணுல பட்டிருக்கு."

"இல்லன்னா குழிப் பக்கம் கரையைக் கொஞ்சம் வெட்டிவிட்டா, மிச்சத் தண்ணி குழியில போய்..."

"கல்லு இருக்கற குழியில சேத்தைக் கொட்டணுமா? சாப்பிடற தட்டுல கை கழுவச் சொல்ற மாதிரி இருக்கு மாப்ள உங்க பேச்சு."

"சரிங்க மாமா" என்றான் அவன். அந்த வீட்டில் அவன் நன்றாகக் கற்றுக்கொண்ட சொல் அது. சொல்லிவிட்டு நேராகப் போய்ப் பூட்டு வாங்கி வந்தான்.

ஏனென்றால் ஓடை வளைந்து போகிற அடுத்த திருப்பத்தில் அவனுடைய அக்கா இருந்தாள். ஓடைத் தண்ணீரை வாய்க்கால் வைத்துத் திருப்பித் தொட்டிகளில் மீன்குஞ்சு வளர்ப்பவள். இந்த வாரம்தான் பொரித்த குஞ்சுகள். கண் மட்டும் இரண்டு புள்ளியாகத் தெரியும், உடம்பே தெரியாது. அந்தச் செவுள்களில் இந்த வண்டல் போய் ஒட்டினால் ஒன்றுகூட மிஞ்சாது.

நினைத்த மாத்திரத்தில் சட்டைப் பையில் போன் அடித்தது. அக்காதான்.

"டேய், அங்க மேகம் எப்படிடா இருக்கு? இங்க கருத்துக்கிட்டு வருது. உங்க குட்டை தாங்குமா?"

"தாங்கும் அக்கா. நல்லா கெட்டியா இருக்கு."

"போய்ப் பாத்தியா, சும்மா ஆபீஸ்ல உக்காந்துட்டு சொல்றியா?"

"குட்டையிலதான் அக்கா நிக்கறேன்."

கரையில் அவசரம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"காத்து அடிக்குது."

"சரி, பாத்துக்கோ. நீ அங்க இருக்கற தைரியத்துலதான் குஞ்சை விட்டிருக்கேன். இல்லன்னா எப்பவோ தொட்டியை மூடிட்டு வேற வேலைக்குப் போயிருப்பேன்."

போனை வைத்ததும் மாப்பிள்ளை கெஞ்சலாகச் சொன்னான்: "அண்ணே, மாமாவைக் கூப்பிடாதீங்க. ஒரு கயிறு போடுங்க. நாம ரெண்டு பேருமே முடிச்சுடலாம்."

அவசரம் கயிறு எடுத்து வந்தார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு இவன் அக்குளுக்கு அடியில் கயிற்றைச் சுற்றிக்கொண்டான். அவர் இழுத்தார். இவன் காலை உதறினான். உதறின கால் வழி செய்துகொண்டு இன்னும் கீழே போயிற்று.

"அண்ணே, நிறுத்துங்க! கால் வரல, இடுப்புதான் வருது!"

நிறுத்தியபோது சேறு பெல்ட்டைத் தொட்டிருந்தது. மேலே வெயில் காய்ந்த ஓடு. உள்ளே சில்லென்ற குளிர். தொடையைச் சுற்றி நாலு பேர் பிடித்திருப்பது போல் இறுக்கம். ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. பூட்ஸுக்குள் கால் இருக்கிறதா, காலுக்குள் பூட்ஸ் இருக்கிறதா என்றே தெரியவில்லை. அப்போதுதான் அவனுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. முதல் தூறலும் வந்தது.

"இனிமே கூப்பிடாம முடியாது" என்று சொல்லிவிட்டு அவசரம் தன் வேகத்தில் ஆபீஸ் பக்கம் நடந்தார்.

மாமனார் குடையோடு வந்தார். அவருக்குப் பின்னால் எடைமேடை அறையிலிருந்து மாப்பிள்ளையின் மனைவி ஓடி வந்தாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது.

"என்னங்க இது? ஏங்க அங்க போனீங்க?"

"சும்மா... பாக்கலாம்னு..."

"சும்மா பாக்கவா இடுப்பு வரைக்கும் இறங்குனீங்க?"

மாமனார் கரை விளிம்புக்கு வந்தார். குட்டையைப் பார்த்தார், மதகைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். முகத்தில் கோபம் ஏறுவதற்கு முன்னால் பயம்தான் ஏறியது. அதை மாப்பிள்ளையே கண்டான்.

"தண்ணி நிக்கறதாலதான் இழுக்குது. பலகையை உருவி வடிச்சா வெளிய வந்துடலாம். சாவி யார்கிட்ட?"

மாப்பிள்ளையின் கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது.

"கேக்கறேன்ல? சாவி எங்க?"

"எங்கிட்ட இருக்கு மாமா."

"தூக்கிப் போடு."

"மாட்டேன் மாமா."

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் 'மாட்டேன்' என்று சொன்னது அன்றுதான். மாமனாரும் அன்றுதான் அவனை 'நீ' என்றார். சாதாரணமாக மரியாதை குறையாமல் 'நீங்க' என்பவர். இரண்டு பேருக்குமே சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"ஏன்டா, உயிரு போற நேரத்துல உனக்கு உங்க அக்கா மீனு பெரிசாப் போச்சா?"

"அப்பா, கத்தாதீங்க. ஏங்க, கொடுத்துடுங்களேன். அக்காகிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள் மனைவி.

"அதுக்கில்ல. வடிச்சா நான் வெளிய வர மாட்டேன்" என்றான் அவன். பேச மூச்சு வாங்கியது. "மாமா, வெயில் காலத்துல முதல் குட்டையை வத்த விட்டுத் தோண்டப் போனோமே. பொக்லைன் பக்கெட் மாட்டிக்கிச்சே. ஞாபகம் இருக்கா? தண்ணி போன சேறு சிமெண்டு மாதிரி இறுகிப் போச்சு."

"பக்கெட்டும் நீயும் ஒண்ணா?"

"பக்கெட்டுக்கு எலும்பு கெடையாது மாமா."

தூறல் குடைமேல் சடசடவென்று விழுந்தது. மாமனாருக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் பக்கெட்டை எப்படி எடுத்தார்கள் என்பதும் ஞாபகம் இருந்தது. ஹோஸ் வைத்துச் சேற்றுக்குள் தண்ணீர் அடித்து, இளக்கி, மெதுவாக எடுத்தார்கள்.

"சரி, ஹோஸை எடு" என்றார் அவசரத்திடம். "மோட்டாரைப் போடு. தண்ணி அடிச்சு இளக்குவோம்."

"தண்ணி அடிச்சா குட்டை பொங்கும் மாமா" என்றான் மாப்பிள்ளை. "ஏற்கெனவே வாய் வரைக்கும் இருக்கு. மழை வேற. கலக்கின சேத்தோட எல்லாம் பலகைக்கு மேல வழிஞ்சு ஓடையிலதான் விழும்."

"வடிக்காதேங்கற. அடிக்காதேங்கற. பின்ன என்னதான்டா பண்ணச் சொல்ற? அங்கயே நின்னு முளைக்கப் போறியா?"

மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது தெரியும். காலையில் சொன்னதுதான். திரும்பச் சொல்ல வாய் வரவில்லை. இடுப்பு வரை அவருடைய சேற்றில் நின்றுகொண்டு, அவருடைய குழியை மூடச் சொல்ல எந்த மருமகனுக்கு வாய் வரும்?

மனைவிதான் சொன்னாள்.

"குழிக்குத் திருப்புங்கப்பா."

மாமனார் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்பா, குழிப் பக்கம் கரையை வெட்டுங்க. காலையில இவர் சொன்னாரே."

"உனக்குத் தெரியாதும்மா. அங்க இப்பதான் கல்லு..."

"தெரியும். காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அந்தக் கல்லைப் பத்தித்தான பேசறீங்க. அது எங்கயும் போகாது. தண்ணிக்கு அடியில உக்காந்திருக்கும். இவர் உக்காந்திருக்க மாட்டார்."

மாமனார் குழியின் பக்கம் பார்த்தார். குட்டைக் கரைக்கு அந்தப் பக்கம், சரிவுக்குக் கீழே, மழையில் நனைந்து பளபளவென்று கிடந்தது சரளை. கழுவக்கூடத் தேவையில்லாத மாதிரி உருண்டை உருண்டையான கல். அதற்காக அவர் எத்தனை லாரி களிமண்ணை வாரிக் கொட்டியிருப்பார். பார்த்துக்கொண்டே நின்றார். குடை ஒரு பக்கம் சாய்ந்து தோள் நனைவதுகூட அவருக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். சேறு ஒரு விரல்கடை ஏறியது போல் இருந்தது. அல்லது அவன் இறங்கியிருக்கலாம்.

"எவ்வளவு ஆழம் வெட்டணும்?" என்றார் மாமனார், யாரையும் பார்க்காமல்.

"ஒரு பக்கெட் ஆழம் போதும் மாமா. மேல் தண்ணி மட்டும் போகணும்."

"கேட்டியா?" என்று அவசரத்தைப் பார்த்துக் கத்தினார். "நின்னுட்டு என்ன வேடிக்கை?"

அன்றைக்கு அவசரம் ஓடினார். அவர் ஓடுவதை அந்தக் குழியில் யாரும் பார்த்ததில்லை. கழுவுகிற மெஷின் பக்கம் நின்ற ஆட்கள் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள். பொக்லைன் உறுமிக்கொண்டு வந்தது. கரையில் ஒரு வாய் விழுந்தது. கலங்கல் தண்ணீர் முதலில் தயங்கி, பிறகு வழி தெரிந்ததும் தடதடவென்று குழிக்குள் இறங்கியது. மாமனார் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பிறகு சல்லடைத் தட்டுகளைக் கழற்றிக்கொண்டு வந்து வண்டல்மேல் பாய் விரித்தது போல வரிசையாகப் போட்டார்கள். ஹோஸோடு அதன்மேல் தவழ்ந்து வந்தவள் மனைவி. "நான் கனம் கம்மி" என்று சொல்லி ஹோஸை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.

"எங்க அடிக்கணும்?"

"தொடையை ஒட்டி. உள்ள விடு. இன்னும் கீழ."

"குளிருதா?"

"குளிர் எல்லாம் எப்பவோ போச்சு."

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்கம்மா சொன்னாங்க, மாப்பிள்ளை நின்ன எடத்துல நிக்கற பையன்னு. இவ்வளவு நல்லா நிப்பீங்கன்னு சொல்லவே இல்ல."

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டுக்கும் குலுங்க இடுப்புக்குக் கீழே இடம் இல்லை.

கயிற்றைப் புதிதாகக் கட்டினார்கள். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து உந்த வேண்டும் என்றார் அவசரம். பையில் கிடந்த சாவியை மாப்பிள்ளை எடுத்தான். குப்புறச் சாய்ந்து உந்தும்போது சின்னச் சாவி சட்டைப் பையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்துவிடுமே? கையில் வைத்துக்கொள்ளவும் வழியில்லை. மாமனார் கரையில் கை நீட்டிக்கொண்டு நின்றார். கயிற்றைப் பிடிக்கத்தான் நீட்டியிருக்க வேண்டும், ஆனாலும் மாப்பிள்ளை சாவியை வாயில் போட்டுப் பல்லால் கடித்துக்கொண்டான்.

மாமனார் அதைப் பார்த்துவிட்டார்.

"பாருங்க, பாருங்க" என்றார் ஆட்களிடம். "எங்கிட்ட கொடுக்க மாட்டானாம். பெத்த புள்ள மாதிரி வச்சிருக்கேன். நாலு பேர் முன்னாடி ஒரு நாள் விட்டுக் கொடுத்திருப்பேனா? திருட்டுத்தனமா பூட்டுப் போட்டிருக்கான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன தின்னுடுவேனா?"

'காலையில சொன்னேனே மாமா' என்று சொல்ல வாய் இல்லை. வாயில் சாவி இருந்தது. எத்தனையோ நாளாகச் சேர்த்து வைத்த பதில்கள் எல்லாம் அந்தச் சாவிக்குப் பின்னால் வரிசையில் நின்றன. "ம்ம்" என்றான்.

"என்ன ம்ம்? பலமா உந்து!"

அவர்தான் கயிற்றின் முதல் ஆளாக நின்று இழுத்தார். குடை எங்கோ பறந்துவிட்டது. முதலில் இடது கால் வந்தது, பூட்ஸ் இல்லாமல். வலது கால் வரமாட்டேன் என்று கொஞ்ச நேரம் வம்பு செய்துவிட்டு, அதுவும் வெறுங்காலாக வந்தது. மாப்பிள்ளை தட்டின்மேல் குப்புற விழுந்து கிடந்தான். மழை இப்போது கொட்டியது. குட்டையின் வாயிலிருந்து தண்ணீர் குழிக்குள் போய்க்கொண்டே இருந்தது. கீழே சரளை எங்கே இருந்தது என்று யாராலும் இனிக் கைகாட்ட முடியாது.

மூவரும் காரில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். சீட்டு பாழாகாமல் இருக்கப் பின்னால் ஒரு தார்ப்பாயை விரித்து, அதில் அவனை உட்கார வைத்திருந்தார்கள். முன் சீட்டில் மனைவி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். மாமனார் ஒரு தடவைகூட கண்ணாடியில் பார்க்கவில்லை. வாசலில் நிறுத்தியதும், வெந்நீர் போடுகிறேன் என்று அவள் ஓடினாள். மாமனாரும் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

மாப்பிள்ளை கைப்பிடியை இழுத்தான். கதவு திறக்கவில்லை. பின் கதவுகளை உள்ளிருந்து திறக்க முடியாது. பேரக் குழந்தை பிறந்தால் வேண்டியிருக்கும் என்று கார் வாங்கிய அன்றே மாமனார் போட்டு வைத்த பூட்டு அது. குழந்தை இன்னும் வரவில்லை. அதுவரை அந்த வசதியை மாப்பிள்ளைதான் அனுபவித்துவந்தான்.

போன் அடித்தது.

"டேய், இந்த மழையிலயும் தண்ணி தெளிவாத்தான்டா வருது! மழை மண்ணுதான் கொஞ்சம். குஞ்செல்லாம் ஜம்முனு ஓடுது. கேக்குதா?"

"ம்ம்."

"வாயில என்னடா?"

அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது. சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். நாக்கில் இரும்பு ருசி.

"ஒண்ணுமில்ல அக்கா."

"உங்க மாமனார் நல்ல மனுஷன்டா. நான் என்னவோ நெனச்சேன். நீ அங்க இருக்கற வரைக்கும் எனக்குக் கவலையே இல்ல. அங்கயே இரு, என்ன?"

"எங்க போகப் போறேன்?" என்றான்.

கண்ணாடிக்கு வெளியே வேறொரு குடையோடு மாமனார் வந்துகொண்டிருந்தார். வந்து கதவைத் திறந்தார். குடையை அவன் தலைக்கு மேல் பிடித்தார். தான் நனைந்துகொண்டு நின்றார்.

"சாவி?"

"இருக்கு மாமா."

அவர் கை நீட்டவில்லை.

"நீங்களே வச்சுக்கங்க. குட்டையைத் தோண்டறது, குழித் தண்ணியைத் தெளிய விட்டு இறைக்கறது, எல்லாம் இனிமே உங்க பொறுப்பு. கல்லு திரும்பக் கண்ணுல படற வரைக்கும் ஒரு நாள்கூட எங்கயும் நகரக் கூடாது. புரியுதா மாப்ள?"

மறுபடியும் 'நீங்க'. 'நீ' என்று இரண்டு தடவை திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு அவருடைய குடைக்கு அடியில், அவர் நடக்கிற வேகத்துக்கு நடந்து உள்ளே போனான்.